புயலுக்குப் பிறகு மரம் அறுக்க, தண்ணீர் இறைக்க: பேட்டரி மெஷினா, பெட்ரோல் மெஷினா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. விடிந்ததும் போய்ப் பார்த்தால், பேராவூரணிப் பக்கம் எங்கள் தோப்பில் நின்ற மரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 23 நாள் ஆனது. அந்த நாட்களில் அரிவாள், கோடாரி, கைரம்பம், இரவல் வாங்கிய பெட்ரோல் மெஷின் (செயின் ஓடி மரம் அறுக்கும் ரம்பம்), கோயம்புத்தூரிலிருந்து மச்சான் எடுத்துவந்த பேட்டரி மெஷின் என்று எல்லாவற்றையும் பிடித்து வேலை செய்தோம். அன்றிலிருந்து ஒவ்வொரு ஐப்பசியிலும் உறவுக்காரர்களும் தெரிந்தவர்களும் கேட்கிற கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

ஒரே வரியில் சொல்லுங்கள். எதை வாங்குவது?

வீட்டுக்கு என்றால் பேட்டரி, ஊருக்கு என்றால் பெட்ரோல்.

வாசலில் விழுந்த முருங்கை, கூரைமேல் சாய்ந்த மாங்கிளை, வழியை அடைத்துக் கிடக்கும் மட்டை, இதற்கெல்லாம் பேட்டரி மெஷின் தாராளமாகப் போதும். ஏக்கர் கணக்கில் தோப்பு விழுந்திருக்கிறது, சாலையில் வரிசையாகப் புளியமரம் கிடக்கிறது என்றால் பெட்ரோல் மெஷின் இல்லாமல் நடக்காது. ஆனால் அப்படிப்பட்ட வேலை வீட்டுக்கு வீடு வராது. ஆளுக்கொன்று வாங்கிப் பரணில் போடுவதைவிட, பத்து வீடு சேர்ந்தோ, இளைஞர் மன்றமோ, விவசாயிகள் சங்கமோ ஒரு நல்ல பெட்ரோல் மெஷினும் மூன்று உபரி செயினும் வாங்கி, ஓட்டத் தெரிந்த இரண்டு பேரைத் தயார் செய்து வைப்பதுதான் சரி.

பேட்டரி மெஷினுக்குத் தென்னையை அறுக்கும் வலு உண்டா?

உண்டு. சந்தேகம் வலுவைப் பற்றி வேண்டாம். எத்தனை வெட்டுக்கு அது தாங்கும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

மச்சான் கொண்டுவந்தது 18 வோல்ட், 5 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டு போட்டு ஓட்டும் மெஷின். ஒரு பேட்டரியில் 90 வாட் மணி, இரண்டிலும் சேர்த்து 180. நன்றாகச் சாணை பிடித்த செயினோடு ஒரு அடி குறுக்களவுள்ள தென்னையில் எட்டு வெட்டு, மிஞ்சினால் பத்து வெட்டு கிடைத்தது. 50 அடி மரத்தைத் தூக்கிப்போகும் அளவுக்குத் துண்டு போட ஐந்தாறு வெட்டு வேண்டும். ஆக ஒரு சார்ஜுக்கு ஒன்றரை மரம். 25 அடி இடைவெளியில் வைத்த தோப்பில் ஏக்கருக்கு 70 மரம் வரும். அத்தனையும் விழுந்திருந்தால் 350 வெட்டுக்குக் குறையாது. குறைந்தது 35 முறை சார்ஜ் போட வேண்டும். அதே வேலையைப் பெட்ரோல் மெஷின், சும்மா ஓடுகிறபோது வீணாவதையும் சேர்த்து, ஏழெட்டு லிட்டரில் முடித்துவிடும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் கிட்டத்தட்ட 9 யூனிட் சக்தி இருக்கிறது. இஞ்சின் அதில் பெரும்பகுதியைச் சூடாகவும் புகையாகவும் விட்டுவிட்டாலும், மிச்சமாகிற ஒன்றரை யூனிட்டே அந்த 180 வாட் மணி ஜோடியை எட்டு முறை நிரப்பியதற்குச் சமம்.

இன்னொன்று. தென்னை மற்ற மரம் மாதிரி இல்லை. வேம்புக்கும் தேக்குக்கும் நடுவில்தான் வைரம். தென்னைக்கு ஓரத்தில்தான் வைரம், நடுவில் சோறு மாதிரி இருக்கும். செயின் உள்ளே நுழையும்போதும் வெளியே வரும்போதும்தான் திணறும். ஈரநார் சுற்றிக்கொண்டு செயின் சீக்கிரம் மழுங்கும். அறுக்கும்போது துருவலாக விழ வேண்டியது மாவாக விழுந்தால் செயின் முனை போய்விட்டது என்று அர்த்தம். அந்த நிலையில் அழுத்திப் பிடித்தால் பெட்ரோல் மெஷின் புகைந்துகொண்டாவது போகும். பேட்டரி மெஷின் சார்ஜைக் குடித்துவிட்டுச் சூடேறி நின்றுவிடும். அதனால் பேட்டரி மெஷின் வைத்திருப்பவர் கையில் உருண்டை அரம் கட்டாயம் இருக்க வேண்டும். நாங்கள் நான்கு மரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து அரம் போட்டோம். பல்லுக்கு மூன்று இழுப்பு, எல்லாம் ஒரே திசையில்.

கரண்டே இல்லையே, பேட்டரியை எங்கே சார்ஜ் போடுவது?

வாங்குவதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பதில் இல்லையென்றால் எவ்வளவு நல்ல மெஷினும் முதல் நாள் மத்தியானத்தோடு மூலையில் உட்கார்ந்துவிடும்.

வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர் மணி பேட்டரி முழுதாக இருந்தால் மேலே சொன்ன ஜோடியை ஐந்து முறை ஏற்றலாம். ஆனால் ராத்திரி விளக்கும் விசிறியும் போய்விடும். அந்த ஐந்தில் இரண்டுக்கு மேல் எடுக்காதீர்கள். கார், டிராக்டர் வைத்திருப்பவர்கள் சின்ன இன்வெர்ட்டர் மாட்டி, இஞ்சின் ஓடும்போது ஏற்றிக்கொள்ளலாம். காரின் சிகரெட் லைட்டர் துளை 150 வாட் அளவுக்குத்தான் தாங்கும் என்பதால் வேகமான சார்ஜரை அதில் மாட்டினால் ஃபியூஸ் போகும். வாங்கும்போதே சார்ஜரில் எத்தனை வாட் என்று படித்துப் பாருங்கள்.

கஜா சமயத்தில் எங்களுக்குக் கைகொடுத்தது ஊர் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வாடகைக்கு வந்த ஜெனரேட்டர்தான். எப்படியும் இரண்டு மணி நேரம் ஓடப்போகிற இஞ்சின். தெருவே செல்போன் சார்ஜருடன் அங்கே வரிசையில் நின்றது. நாங்களும் நான்கு பேட்டரியைக் கொண்டுபோய் மாட்டினோம். வேறு காரியத்துக்கு ஓடும் ஜெனரேட்டரில் ஏற்றினால் பேட்டரி லாபம். மெஷினுக்காகவே தனியாக ஜெனரேட்டர் ஓட்டுவது, அந்தப் பெட்ரோலை நேராக மெஷினில் ஊற்றுவதைவிட எந்த வகையிலும் மேல் இல்லை.

பெட்ரோல் மட்டும் கிடைத்துவிடுமா?

உடனே கிடைக்காது. பங்கில் பெட்ரோல் நிலத்துக்கடியில் இருந்தாலும் மேலே ஏற்றுகிற மோட்டாருக்குக் கரண்ட் வேண்டும். ஜெனரேட்டர் உள்ள பங்கில் பைக், ஆம்புலன்ஸ், ஊர் ஜெனரேட்டர் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். பங்குக்குப் போகும் சாலையிலேயே மரம் கிடக்கும். முதல் இரண்டு நாளைக்குக் கையில் இருப்பதுதான் கணக்கு.

விற்பனைக்கு இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் இறுக மூடிய உலோகக் கேனில் வைக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலிலும் பழைய எண்ணெய் டப்பாவிலும் வாங்கி அடுப்படியில் வைத்தால் புயல் விட்டதைத் தீ எடுத்துக்கொள்ளும். ஐந்து லிட்டர் போதும், வீட்டுக்கு வெளியே, நிழலில்.

டூ-டி ஆயில் எவ்வளவு கலப்பது? கலக்காவிட்டால் என்ன?

இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு கசப்பான பதில் இருக்கிறது. இரவல் மெஷின் வந்த இரண்டாம் நாள், டேங்க் காலி. பக்கத்தில் பைக்கிலிருந்து பிடித்த, ஆயில் கலக்காத பெட்ரோல் இருந்தது. சித்தப்பா மகன் அவசரத்தில் அதை அப்படியே ஊற்றிவிட்டான். கால் மணி நேரம் வழக்கத்தைவிட உற்சாகமாகத்தான் ஓடியது. பிறகு சத்தம் கீச்சென்று மெலிந்து, ஒரே இழுப்பில் நின்றது. கயிற்றை இழுத்தால் அசையவில்லை. பிஸ்டன் உள்ளே இறுகிவிட்டது. அடுத்தவர் மெஷின். ரிப்பேருக்குக் கொடுத்த பணத்தைவிட, அடுத்த ஆறு நாள் தெருவில் மெஷினே இல்லாமல் போனதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அந்த இஞ்சினுக்குத் தனியாக ஆயில் அறை கிடையாது. பெட்ரோலோடு போகும் ஆயில்தான் பிஸ்டனைக் காப்பாற்றுகிறது. மெஷினின் புத்தகத்தில் 50-க்கு 1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றிருந்தால் 40 மில்லி. கலந்த கேனில் பெயிண்டால் பெரிதாக எழுதி வையுங்கள். எங்கள் கேனில் இப்போது சிவப்பு எழுத்தில் "ஆயில் கலந்தது" என்று இருக்கிறது.

பேட்டரி மெஷினுக்கு எண்ணெயே தேவையில்லை என்கிறார்களே?

இஞ்சின் ஆயில் தேவையில்லை, செயின் ஆயில் தேவை. செயின் ஓடும் நீளத் தகட்டைக் கடையில் பார் என்பார்கள். அந்தப் பாரில் எண்ணெய் காய்ந்தால் பேட்டரி மெஷினானாலும் பெட்ரோல் மெஷினானாலும் பத்து நிமிடத்தில் நீலம் பாரித்துவிடும். பெட்ரோல் வண்டியிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலை ஊற்றுவது ஊர் வழக்கம். அது கையில், கண்ணில், தோப்பு மண்ணில் எல்லாம் தெறிக்கிற விஷம், வேண்டாம். அவசரத்துக்குச் சமையல் எண்ணெய் ஊற்றலாம். வேலை முடிந்ததும் துடைக்காமல் விட்டால் மட்டும் பிசினாக இறுகிக்கொள்ளும்.

விழுந்து கிடக்கும் மரம்தானே, எங்கே வேண்டுமானாலும் அறுக்கலாமா?

நிற்கும் மரத்தைவிட விழுந்த மரம் மோசம். அதற்குள் வளைத்த வில்லின் விசை இருக்கிறது.

முதலில் மெஷினை அணைத்துவிட்டு மரத்தைச் சுற்றி நடந்து, அது எதன்மேல் தாங்கியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு முனையும் தாங்கி நடுவில் தொங்கினால் மேல்பக்கம் நெருக்கும், கீழ்ப்பக்கம் விரியும். மேலிருந்தே முழுதும் அறுத்தால் வெட்டு மூடி பாரைக் கடித்துக்கொள்ளும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்து நிறுத்தி, மிச்சத்தைக் கீழிருந்து மேலாக அறுங்கள். ஒரு முனை மட்டும் தாங்கி, மறுமுனை அந்தரத்தில் நின்றால் தலைகீழ்: முதலில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து. கூரைமேல் சாய்ந்த மரத்துக்கு இது இரண்டும் போதாது. அதைக் கயிறு கட்டி, இரண்டு பக்கமும் ஆள் பிடித்து, மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். பழகியவர்கள் வரும்வரை காத்திருங்கள்.

வேரோடு பிடுங்கிய மரத்தில் கவனம் வேறு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா அடித்தபின் சென்னைத் தெருக்களில் தூங்குமூஞ்சி மரங்கள் நடைபாதைக் கல்லையே வேரில் தூக்கிக்கொண்டு கிடந்தன. அப்படிப்பட்ட மரத்தில் தண்டை வெட்டிப் பாரம் போனதும், வேர்ப்பகுதி சட்டென்று நிமிர்ந்து பள்ளத்துக்குள் உட்காரும். அந்தப் பள்ளத்தில் பிள்ளைகள் இறங்கி விளையாடுவதைப் பார்த்தால் வேலையை நிறுத்திவிட்டு முதலில் அவர்களை விரட்டுங்கள்.

பாரின் நுனியின் மேல்கால் பகுதி எதிலும் படக்கூடாது. பட்டால் மெஷின் முகத்தை நோக்கித் துள்ளும். பேட்டரி மெஷின் இதில் சாது என்று நினைக்க வேண்டாம், அதுவும் அதே வேகத்தில் துள்ளும். சத்தம் குறைவு என்பதால் பக்கத்தில் நிற்பவர்களுக்கு அதன்மேல் பயம் வருவதில்லை, அதுதான் எனக்குப் பயம். விசையை விட்டால் நின்றுவிடும், அழுத்தினால் அந்த நொடியே ஓடும். கை மாற்றும்போதும் செயினைத் தொடும்போதும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

மரத்தோடு கரண்ட் கம்பியும் கிடக்கிறது. ஊரிலேயே கரண்ட் இல்லை, தொடலாமா?

கூடாது. ஊரில் எங்கோ ஒரு வீட்டில் ஜெனரேட்டரை நேராகச் சுவர் பிளக்கில் சொருகியிருந்தால், அந்தக் கரண்ட் மீட்டர் வழியாக வெளியே ஏறி, டிரான்ஸ்ஃபார்மரில் உயர் அழுத்தமாகித் தெருக்கம்பியில் ஓடும். வெளி மாவட்டத்திலிருந்து வந்து, சேற்றில் நின்று நமக்காகக் கம்பம் நடுகிற மின்வாரிய ஊழியரின் உயிர் அது. ஜெனரேட்டரை வீட்டு ஒயரிங்கோடு சேர்க்க வேண்டுமானால் ஒயர்மேன் வைத்துச் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் (மின்வாரியக் கரண்டும் ஜெனரேட்டர் கரண்டும் ஒன்றோடொன்று சேராமல் பிரிப்பது) போட்டபிறகு சேருங்கள். இல்லையென்றால் தனி எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போதும்.

மழை விடவில்லை. ஜெனரேட்டரைத் திண்ணையில் வைத்துக்கொள்ளலாமா?

மன்றாடிக் கேட்கிறேன், வேண்டாம். திண்ணை, மாடிப்படிக்குக் கீழ், கார் நிறுத்தும் இடம், ஜன்னல் ஓரம் எதுவும் வேண்டாம். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், தூக்கம், அவ்வளவுதான் அடையாளம். நாள் முழுதும் மரம் இழுத்தவனுக்கு அந்த மூன்றும் களைப்பு மாதிரியே தோன்றும். 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தை லாரா புயல் தாக்கியபோது, காற்றுக்கும் கடலுக்கும் தப்பிய பலர் ஜெனரேட்டர் புகையில் வீட்டுக்குள்ளேயே இறந்தார்கள். வீட்டிலிருந்து 20 அடிக்குக் குறையாமல், புகைக்குழாய் வெளிப்பக்கம் பார்க்க, மேலே மட்டும் தகரம் சாய்த்து வையுங்கள்.

மூடிய இடத்து வேலையில் பேட்டரிக்குப் போட்டியே இல்லாததும் இதனால்தான். கொட்டகைக்குள், மாட்டுத் தொழுவத்துக்குள், இடிந்த சுவருக்கு இடையில் பெட்ரோல் இஞ்சின் எதையும் இயக்கக்கூடாது.

வெள்ளத் தண்ணீரை இறைக்க எது?

இதில் பெட்ரோல்தான். 2 இஞ்ச் பெட்ரோல் பம்ப் நிமிடத்துக்கு 500 லிட்டர் அளவில் தள்ளும். பேட்டரியில் ஓடும் சின்ன பம்ப் குடம் குடமாக ஊற்றுவதற்குத்தான் லாயக்கு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த அளவுத் தண்ணீருக்கு முன் பேட்டரி பம்ப்பைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

பம்ப் மேலே, திறந்த வெளியில் நிற்கட்டும், குழாய் மட்டும் கீழே போகட்டும். அடித்தளத்துக்குள் பம்ப்பை இறக்கினால் அங்கேயும் அதே புகை. வெளியே தரை ஊறி நிற்கும்போது கீழ்த்தளத்தையோ நிலத்தடித் தொட்டியையோ ஒரே மூச்சில் காலி செய்யாதீர்கள். உள்ளே தண்ணீர் போனதும் வெளித்தண்ணீரின் அழுத்தத்தில் சுவர் விரிசல் விடும், தொட்டி மேலே கிளம்பும். தெருத் தண்ணீர் வடிய வடிய, ஓரோர் அடியாக இறக்குங்கள்.

கூரை வேலைக்கு?

பேட்டரி டிரில். ஏணியில் நிற்பவனுக்கு ஒயர் இழுக்காத, புகை விடாத கருவி வேண்டும். இரண்டு பேட்டரி இருந்தால் ஒரு வீட்டுத் தகரத்தை ஒரு பகலில் மாட்டிவிடலாம். உடைந்த சிமெண்ட் ஷீட்டை மட்டும் கட்டிங் மெஷின் வைத்து அறுக்காதீர்கள். அந்தத் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். தண்ணீர் தெளித்து நனைத்து, முழுசாகவே இறக்குங்கள்.

வெள்ளத்தில் மெஷினே முங்கிவிட்டது. காயவைத்து ஓட்டலாமா?

பெட்ரோல் மெஷினை ஓட்டலாம். கயிற்றை இழுத்துப் பார்க்காமல் முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கவிழ்த்துத் தண்ணீரை வடித்து, பெட்ரோலைக் கொட்டிவிட்டு மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

முங்கிய லித்தியம் பேட்டரிக்கு அந்த வாய்ப்புக் கிடையாது. வெளியே காய்ந்துவிடும், உள்ளே உப்பு தங்கும், சில நாள் கழித்தும் தீப்பிடிக்கும். 2022 செப்டம்பரில் ஃப்ளோரிடாவில் அயன் புயல் கடல்நீரைக் கொண்டுவந்தபின், முங்கிய மின்சார கார்கள் இப்படித்தான் எரிந்தன. மெஷினின் பேட்டரி சிறியது, குணம் அதே. சார்ஜில் போடாதீர்கள், வீட்டுக்குள்ளும் வைக்காதீர்கள். வெட்டவெளியில், எரியும் பொருள் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து, விற்ற கடையிலோ மின்கழிவு எடுப்பவர்களிடமோ ஒப்படையுங்கள்.

அம்மாவும் நானும்தான் வீட்டில். பெட்ரோல் மெஷினை எங்களால் இழுக்க முடியுமா?

பேட்டரி வாங்குங்கள். கஜாவுக்குப் பின் ஆண்கள் தோப்பிலும் சாலையிலும் நிற்க, வீட்டைச் சுற்றிக் கிடந்ததையெல்லாம் ஒதுக்கியது பெண்கள்தான். கயிறு இழுத்து இழுத்துத் தோள் போன பிறகு மெஷினைப் பிடிப்பதுதான் ஆபத்து. 10 இஞ்ச், 12 இஞ்ச் பார் உள்ள சின்ன பேட்டரி மெஷின் எடை குறைவு. பொத்தானை அழுத்தினால் ஓடும். கண்ணாடி, கெட்டிக் காலணி, முழுக்கால் சட்டை அவசியம். புடவை முந்தானை, துப்பட்டா, லுங்கி எதுவும் அருகில் வரக்கூடாது.

மெதுவாக அறுத்துக்கொள்ளலாமே, எதற்கு இவ்வளவு அவசரம்?

வழியும் கூரையும் முதல் வாரம். தோப்பு மெதுவாக இருக்கட்டும், ஆனால் மறந்துவிடக்கூடாது. மக்கும் தென்னந்தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும். சில மாதத்தில் புழு வண்டாகி, தப்பி நின்ற பத்து மரத்தின் குருத்தைத் துளைக்கும். அந்தத் துளை வழியே சிவப்புக் கூன்வண்டு வரும். கஜாவில் காற்று விட்டுவைத்த மரங்களைப் பின்னால் வண்டிடம் பறிகொடுத்தவர்களை எனக்குத் தெரியும். துண்டாக்கி வெளியேற்றுங்கள். முடியாததைப் பொடியாக்கி, எருக்குழியில், வண்டின் புழுவைக் கொல்லும் பச்சை மஸ்கார்டின் பூஞ்சை கலந்து மூடுங்கள். இந்த நிதான வேலைக்குப் பேட்டரி மெஷின் ரொம்பவே தோது. அதற்குள் கரண்ட் வந்திருக்கும், தினம் காலையில் இரண்டு மரம் என்று போகலாம்.

இரண்டு வருஷம் புயலே வரவில்லை. எடுத்துப் பார்த்தால் மெஷின் ஓடவில்லை, ஏன்?

பெட்ரோலை டேங்கிலேயே விட்டிருப்பீர்கள். இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுத்துக் கார்புரேட்டரில் பசையாகப் படியும். வைக்குமுன் டேங்கைக் காலி செய்து, மெஷின் தானாக அணையும்வரை ஓட்டிவிட்டு வையுங்கள். ஆயில் கலந்த பெட்ரோலை இரண்டு மாதத்துக்குமேல் வைக்காதீர்கள்.

பேட்டரியை முழுக்க ஏற்றியும் வைக்கக்கூடாது, காலியாகவும் வைக்கக்கூடாது. பாதி சார்ஜில், வெயில் படாத அலமாரியில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதில் சார்ஜ் காட்டும் விளக்கைப் பாருங்கள். புயல் எச்சரிக்கை வந்த அன்றே எல்லாவற்றையும் முழுதாக ஏற்றிவிடுங்கள். காற்றுக்கு முன்பே மின்வாரியம் கரண்டை நிறுத்திவிடும்.

நான் புரட்டாசி கடைசி ஞாயிறு இரண்டையும் வாசலில் எடுத்து வைத்து, கிடக்கிற மட்டையில் ஆளுக்கு ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்க்கிறேன். அரம், உபரி செயின், பிளக் ஸ்பேனர், கண்ணாடி எல்லாம் ஒரே வாளியில் இருக்கும். அந்த வாளி பரணில் இல்லை, கதவுக்குப் பின்னால் இருக்கிறது.